நன்யாங் தொழில்நுட்பக் கழகம்: தொழிற்கல்வியும் தாய்மொழியும்

உயர்நிலை வகுப்புகளை எட்டிய மாணவர் சிலர் ஆண்டுதோறும் தவறாமல் எழுப்பும் வினா ஒன்றுண்டு: "பொறியியல் படிக்கப் போகும் எனக்குத் தமிழ் எதற்கு, ஐயா?" அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அவ்வேளைகளில் நம் தீவின் மேற்கே, ஜூரோங்கில் அமைந்துள்ள ஒரு வளாகத்தின் வரலாற்றை எடுத்துரைப்பதே என் வழக்கம். அதனை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1953ஆம் ஆண்டு ஜனவரியில், ரப்பர் வணிகர் டான் லார்க் சை, சீன மொழியில் உயர்கல்வி வழங்கப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டும் என முழங்கினார்; தாமே 50 இலட்சம் வெள்ளி அளிக்கவும் முன்வந்தார். ஹொக்கியன் சங்கம் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வழங்கியது. கொடுத்தவர் செல்வர் மட்டுமல்லர். 1954இல் டிரைஷா ஓட்டுநர்கள் தம் ஒருநாள் உழைப்பின் ஊதியத்தைத் திரட்டித் தந்தனர். இவ்வாறு எழுந்த நன்யாங் பல்கலைக்கழகத்தில் 1956இல் வகுப்புகள் தொடங்கின.

அந்தப் பத்தாண்டில் நம்மவரும் வாளா இருந்தாரல்லர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் தமிழே முதன்மை பெறவேண்டும் என்று 'தமிழ் முரசு' நிறுவனர் கோ. சாரங்கபாணி இயக்கம் நடத்தினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதிக்கு உழைக்கும் மக்களும் தம்மால் இயன்றதை ஈந்தனர். மொழிக்காக எளியோர் கை நீட்டிக் கொடுத்த காலம் அது.

ஆயின், காலம் வேறொன்றையும் வேண்டி நின்றது. வேலையின்மை நாட்டை வாட்டியது. 1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தோன்றியது. ஜூரோங்கின் சதுப்பு நிலங்கள் தொழிற்பேட்டையாயின. 1971இல் பிரிட்டிஷ் படைகள் பெரும்பாலும் விலகியபோது, தொழில்வளமே நாட்டின் ஊன்றுகோலாயிற்று. 1979இல் அரசு ஊதியத்தை உயர்த்தி, மலிவான உழைப்பை நம்பிய தொழில்களிலிருந்து திறன்மிகு தொழில்களுக்கு நாட்டைத் திருப்ப முனைந்தது. அதற்குப் பொறியாளர்கள் பெருந்தொகையில் தேவைப்பட்டனர்.

இதற்கிடையே பெற்றோர் ஆங்கிலவழிப் பள்ளிகளையே நாடலாயினர்; சீனவழிக் கல்வி தளர்ந்தது. 1980இல் நன்யாங் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஜூரோங் வளாகத்தில் 1981இல் நன்யாங் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவர் சாம் தாவ் சூன்.

கட்டுமானப் பொறியியல், மின் மற்றும் மின்னணுப் பொறியியல், இயந்திர மற்றும் உற்பத்திப் பொறியியல் என மூன்று பள்ளிகளுடன் அது தொடங்கியது. 1982இல் முதல் அணியாக 582 மாணவர்கள் சேர்ந்தனர். ஏட்டுக் கல்வியோடு நில்லாமல், தொழிற்கூடங்களுக்கே சென்று பணியாற்றிப் பழகுவதும் பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இல்லை. பட்டங்களைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமே வழங்கியது. எனினும் விரைவிலேயே அதன் பொறியியல் கல்வி வெளிநாட்டாரின் பாராட்டையும் பெற்றது. 1991இல் அக்கழகம் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

இங்கு ஒரு நிகழ்வை நாம் மறத்தலாகாது. முதல் 582 பேர் ஜூரோங்கில் நுழைந்த அதே 1982இல்தான், நாட்டின் இறுதித் தமிழ்வழிப் பள்ளியாகிய உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. இரண்டுக்கும் பின்னால் இருந்த காரணம் ஒன்றே: பிழைப்பின் மொழியாக ஆங்கிலம் ஆயிற்று. அம்முடிவால் நாடு வளம் பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. நம் மக்களுள் எத்தனையோ பேர் பொறியாளராக உயர்ந்ததும் அதனாலேயே. ஆனால் அதற்குச் செலுத்திய விலையைச் சொல்லாது விடுத்தால் வரலாறு முழுமை பெறாது.

உமறுப் புலவரின் பெயர் அழிந்துவிடவில்லை. 1983இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. லிட்டில் இந்தியாவிற்கு அருகே, பீட்டி சாலையில் இன்றும் இயங்குகிறது. ஜூரோங் வளாகத்திலும் மொழி முற்றாக நீங்கிவிடவில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமான தேசியக் கல்விக் கழகம் 2000இல் புக்கித் தீமாவிலிருந்து அங்கு இடம்பெயர்ந்தது. நம் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்கள் பயிற்சி பெறுவது அங்கேதான். ஒரு மொழிக்காக டிரைஷா ஓட்டுநரும் கொடுத்து உருவான நிலத்தில், பொறியியலும் பயில்கின்றனர். தமிழ் கற்பிக்கவும் பயில்கின்றனர்.

ஆகவே, வினவும் மாணவருக்கு நான் கூறுவது இதுவே: "தம்பி, பொறியியல் படி, நன்றாகப் படி. நீ படிக்கப்போகும் இடம் எவர் எவருடைய கொடையால் எழுந்தது என்பதை அறிந்து படி. தொழில் உனக்குச் சோறு போடும். உன் மொழியை உனக்காக வேறொருவர் காக்க மாட்டார்."