ஹாரனின் கதை: சிவப்புக் கொடியிலிருந்து நம் ரேம்ப் வரை



என்னுடைய பழைய மாருதி 800-ஐ உங்களில் பலருக்குத் தெரியும். பேஸ்மென்ட்டில் தூணை ஒட்டி நிற்கும் வெள்ளை வண்டி. சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை அதை ரேம்ப்பில் ஏற்றி வந்தேன். மேல் திருப்பத்தில் ஒரு சிறுவன் சைக்கிளில் குறுக்கே வந்தான். ஹாரனை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. பிரேக்கை மிதித்ததில் வண்டி அவனுக்கு இரண்டடி முன்னால் நின்றது. பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். எனக்குத்தான் கை நடுங்கியது.

ஏனென்றால் ஹாரன் அன்றைக்குத் திடீரென்று கெடவில்லை. இரண்டு வாரமாகவே குரல் கம்மி, ஒரு தடவை அடித்தால் ஒரு தடவை அடிக்காமல் இருந்தது. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவன் நான்.

அதைச் சரிசெய்யப் போய் இன்னொரு தவறும் செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். இந்தச் சின்னக் கருவி எதற்காக வண்டியில் வந்தது என்று முதலில் பார்த்துவிடுவோம். அது தெரிந்திருந்தால் அந்த இரண்டாவது தவறைச் செய்திருக்க மாட்டேன்.

கொடி பிடித்து நடந்த ஆள்

இங்கிலாந்தில் 1865-இல் ஒரு சட்டம் வந்தது. குதிரை இல்லாமல் நீராவியால் சாலையில் ஓடும் வண்டிக்கு முன்னால், குறைந்தது 60 கஜ தூரத்தில், ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடந்து போக வேண்டும். வேகம் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அதன் அடிப்படை நியாயமானது. சாலை நடப்பவருக்கும் குதிரைக்கும் சொந்தமாக இருந்தது, புதிதாக வருகிறவன்தான் எச்சரிக்கை கொடுக்க வேண்டும்.

1896-இல் புதிய சட்டம் வந்து, இலகு ரக வண்டிகளுக்கு இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது, வேகத்தையும் கூட்டியது. அதே சட்டம், வண்டியில் மணியோ எச்சரிக்கை ஒலி கொடுக்கும் வேறு கருவியோ இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கொடி பிடித்து நடந்த அந்த ஆளின் வேலைதான் ஹாரனுக்கு வந்தது. "வண்டி வருகிறது, பார்த்துப் போங்கள்" என்று சொல்லும் வேலை. "வழியை விடு" என்று அதட்டும் வேலை அல்ல.

முதலில் மணி, பிறகு ரப்பர் பந்து ஹாரன். பந்தை அமுக்கினால் காற்று பித்தளை நாக்கின் வழியாகப் போய்ப் 'பாம்' என்று ஒலிக்கும். நம் ஊரில் பேருந்து, லாரி, ஆட்டோ எல்லாவற்றிலும் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இது தொங்கியதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை, பந்து கிழிந்தால் மாற்றினால் போதும். நம் தெருவில் ஐஸ் வண்டிக்காரர் இன்றும் இதைத்தான் அமுக்குகிறார்.

காது கேட்க ஒரு கருவி, காதைத் துளைக்க ஒரு கருவி

ஊரில் வண்டிகள் பெருகியதும் 'பாம் பாம்' போதவில்லை. அமெரிக்காவில் மில்லர் ரீஸ் ஹட்சிசன் என்பவர் 1908 வாக்கில் கிளாக்ஸன் என்னும் ஹாரனைக் கொண்டுவந்தார். மெல்லிய இரும்புத் தகடு, அதன் நடுவில் ஒரு குமிழ், அந்தக் குமிழை உரசிச் சுழலும் பல்சக்கரம். சக்கரத்தை மோட்டார் சுற்றும், மலிவான வகையில் கையால் சுற்றலாம். பழைய படங்களில் வரும் 'ஆ...ஊ...கா' என்ற ஓசை இதுதான். கிளாக்ஸன் என்ற பெயரே, அலறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஹட்சிசன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு காது கேளாதோருக்கு மின்சாரத்தால் இயங்கும் செவிக்கருவியைச் செய்தவர். ஊரைச் செவிடாக்கி, பிறகு செவிக்கருவி விற்கத்தான் கிளாக்ஸனைச் செய்தார் என்று அந்தக் காலத்திலேயே கேலி பேசினார்கள்.

பிறகு வந்தது இன்று நம் கார்களில் இருக்கும் மின்காந்த ஹாரன். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1921-இல் தன் ஹாரனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு மின்காந்தம், ஒரு மெல்லிய தகடு, ஒரு ஜோடி கான்டாக்ட், அவ்வளவுதான். மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும். இழுபட்ட தகடே கான்டாக்ட்டைப் பிரித்து மின்சாரத்தை நிறுத்திவிடும். தகடு பழைய இடத்துக்குத் திரும்பும், மீண்டும் கான்டாக்ட் சேரும். இப்படி ஒரு வினாடிக்குச் சுமார் 400 முதல் 500 முறை நடக்கிறது. அந்த அதிர்வுதான் நம் காதில் விழும் ஓசை.

நம் ஊர்ச் சாலையில்

அம்பாசடர், பிரீமியர் கம்பெனியின் ஃபியட், நம் வண்டலூரில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இவைதான் என் இளமையில் பார்த்த கார்கள். 1983 டிசம்பர் 14-இல் மாருதி 800 வந்தது. நடுத்தரக் குடும்பங்கள் முதல்முறையாகக் கார் வாங்கத் துணிந்தது அதற்குப் பிறகுதான். சாலையில் சின்னக் கார்கள் கூடின, சாலை மட்டும் அகலமாகவில்லை.

லாரிகளின் பின்னால் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியிருந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒற்றைச் சாலை, பின்னால் சரியாகத் தெரியாத உயரமான பாரம். முந்த வருகிறவன் குரல் கொடுத்தால்தான் லாரிக்காரர் ஒதுங்குவார். நெடுஞ்சாலையில் அது உயிர் காக்கும் வழக்கம். அந்த வழக்கத்தை அப்படியே ஊருக்குள் கொண்டுவந்து சிக்னலிலும் பள்ளி வாசலிலும் அடுக்குமாடிக் கேட்டிலும் அடிக்கத் தொடங்கியதுதான் வினை. மகாராஷ்டிர அரசு 2015-இல் லாரிகளில் அந்த வாசகத்தை எழுதவே தடை விதித்தது.

நான் செய்த இரண்டாவது தவறு

இனி என் கதை. அந்தச் சிறுவன் தப்பிய மறுநாளே ஒரு கடைக்குப் போனேன். "பழைய ஹாரனை விடுங்க சார், டபுள் ஹாரன் போட்டுக்கோங்க, ரோடே ஒதுங்கும்" என்றார்கள். நத்தை ஓடு போல இருக்கும் இரண்டு ஹாரன்களை, ரிலே இல்லாமல், பழைய வயரிலேயே இணைத்துக் கொடுத்தார்கள். எனக்கும் பெருமைதான். ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குக் கேட்டில் வாட்ச்மேனை எழுப்ப ஒரே ஒரு முறை அடித்தேன். மறுநாள் காலை லிஃப்ட்டில் முதல் மாடிப் பெண் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், நேத்து பாப்பா அப்பதான் தூங்கினா. அப்புறம் ரெண்டு மணி வரைக்கும் தூங்கவே இல்லை." அவர் கோபித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஒரே மாதத்தில் ஃபியூஸும் போனது. இந்த முறை பேட்டரி கடையை ஒட்டி வேலை செய்யும் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். கழற்றிப் போட்ட பழைய ஹாரன் டிக்கியிலேயே கிடந்தது. அவர் இரண்டு வயரை எடுத்துப் பேட்டரியிலிருந்து நேராக அதற்குக் கொடுத்தார். பதினைந்து வருடத்துக்கு முன்பு கேட்ட அதே குரலில் அடித்தது! "ஹாரன் நல்லாத்தான் இருக்கு சார். அதுக்குப் போற வழிதான் கெட்டுப்போச்சு" என்றார். கனெக்டரில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள கான்டாக்ட் கருத்துப் போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, புது முனை போட்டு, ஒரு ரிலேயும் வைத்துப் பழைய ஹாரனையே மாட்டிக் கொடுத்தார். டபுள் ஹாரனுக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

அவரிடம் கற்றதைப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து, ஹாரனைப் பேட்டரியில் நேராக வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நேராகக் கொடுத்தால் நன்றாக அடிக்கிறதா? அப்படியானால் கோளாறு வயரிலோ, எர்த்திலோ, சுவிட்சிலோதான்.

2. நேராகக் கொடுத்தும் கம்மினால், பல ஹாரன்களின் பின்பக்கம் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பினால் குரல் தெளியும். நடுவில் உள்ள மரையைத் தொடக் கூடாது. அதற்கும் சரியாகாவிட்டால் புதிது வாங்கலாம்.

3. இரண்டு ஹாரன் போட்டே ஆக வேண்டுமென்றால் ரிலே அவசியம். ஒரு ஹாரன் நாலைந்து ஆம்பியர் இழுக்கும், இரண்டு சேர்ந்தால் பத்தை நெருங்கும். ரிலே இருந்தால் சுவிட்ச் வழியாகப் போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. இல்லாவிட்டால் சுவிட்ச் கருகும்.

4. நத்தை ஓடு ஹாரனின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் மழைநீர் தேங்கும்.

5. ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கை நீங்களே பிரிக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

ஹாரனைக் கட்டாயமாக்கிய அதே இங்கிலாந்து, 1934-இல் லண்டனில் இரவு பதினொன்றரை முதல் காலை ஏழு வரை ஹாரன் அடிக்கத் தடை போட்டது. 1954-இல் பாரிஸ் நகரமும் ஹாரனை அடக்கியது. இங்கே 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், எச்சரிக்கைக்குப் போதுமான ஹாரன் வேண்டும் என்கின்றன. கூடவே, பல ராகம் பாடும் ஹாரனும் காதைத் துளைக்கும் ஹாரனும் கூடாது என்கின்றன. ஒலி மாசு விதிகள் 2000-இல் வந்தன. அவற்றின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவசரநிலை தவிர ஹாரன் அடிக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, தேவையில்லாமலோ தொடர்ந்தோ அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம்.

வங்கியில் கணக்குப் பார்த்த பழக்கத்தில் இதையும் கணக்குப் போட்டேன். கார் ஹாரனின் ஓசை 7 மீட்டர் தூரத்தில் 93 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 14 மீட்டரில் 87, 28 மீட்டரில் 81. குடியிருப்புப் பகுதியில் இரவுக்கு அனுமதித்த சராசரி அளவு 45 தான். கேட்டில் நாம் அடிக்கும் ஓர் ஒலி முதல் மாடித் தொட்டிலில் எப்படி விழும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட்டில் சுவரில் மோதித் திரும்புவதால் இன்னும் மோசம்.

இப்போது நான் ரேம்ப் திருப்பத்தில் நடை வேகத்தில் வந்து, ஒரே ஒரு முறை லேசாகத் தொட்டு அடிக்கிறேன். இரவில் முகப்பு விளக்கை ஒருமுறை மினுக்குகிறேன். கேட்டில் இறங்கி வாட்ச்மேனைக் கூப்பிடுகிறேன், கூட நாலடி நடந்தால் என்ன? அந்தத் திருப்பத்தில் ஒரு குவிகண்ணாடி வைக்கும்படி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் அது வரும்போது, தயவுசெய்து ஆதரவு கொடுங்கள்.

அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வண்டி ஹாரனை ஒரு முறை அடித்துப் பாருங்கள். பகலில், கேட்டுக்கு வெளியே. கம்மினால் தள்ளிப்போடாதீர்கள். அந்த எலக்ட்ரீஷியன் கடைக்கு வழி வேண்டுமென்றால் மாலையில் பூங்கா பெஞ்சில் என்னைக் கேளுங்கள், சொல்கிறேன்.