பைத்தியம்

‘கிரிக்கெட் பைத்தியம்’ என்று செல்லமாகச் சொல்கிறோம். மனநோயாளியை ஏசவும் அதே சொல்தான். இரண்டாவது வழக்கு என்னைக் கோபப்படுத்துகிறது. வடமொழிப் ‘பித்த’த்திலிருந்து வந்த சொல் இது. பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும் என்பது பழைய வைத்தியக் கணிப்பு. கிரேக்கரின் ‘மெலங்கோலியா’வும் கரும்பித்தமே. பேயையும் பாவத்தையும் விட்டு உடலில் காரணம் தேடிய சொல் என்பதால் எனக்கு அதன் பிறப்பில் மதிப்பு உண்டு. இதனோடு உறவுடைய ‘பித்து’ உயர்ந்துவிட்டது: பெற்ற மனம் பித்து என்கிறோம், சுந்தரர் சிவனையே பித்தன் என்று அழைத்தார். பைத்தியமோ நோயாளிக்கு வசையாகத் தேய்ந்தது. ஆனால் உடலில் காரணம் தேடியது வீண்போகவில்லை. சித்தம் கலங்கியவர்களுக்கு நம் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் ரிசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. மூளையில் செரட்டோனின், டோபமின் என்ற வேதிப்பொருள்களின் இருப்பை அது குறைப்பதைப் பின்னர் கண்டார்கள். மனநோய்க்கு மூளை வேதியியலில் காரணம் தேடும் ஆய்வு அதனால் வலுப்பெற்றது. பித்தக் கணிப்பு தவறு, தேடிய திசை சரி. இன்று ‘மனநோய்’ பரவலான சொல். ‘உளநோய்’ அதைவிடத் தூய தமிழ். நான் உளநோய் என்றே எழுதுகிறேன். எதைச் சொன்னாலும் ‘நோய்’ என்ற பாதியை அழுத்திச் சொல்லுங்கள். ‘மனசைத் திடப்படுத்து, மாத்திரை எதற்கு’ என்று அறிவுரை சொல்பவர்கள் காதில் அந்தப் பாதி விழுவதே இல்லை.