ரோல்ஸ் ராய்ஸ்: கைவினையும் கைமாறிய பெயரும்

செல்வத்தின் உச்சியைச் சுட்ட நம் மக்கள் ஆளும் சொற்களுள் ஒன்று ‘ரோல்ஸ் ராய்ஸ்’. அக்காரைக் கண்ணால் காணாதவரும் அதன் பெயரை அறிவர். மன்னரும் பிரபுக்களும் அதில் ஏறி வந்த கதைகள் பலமுறை சொல்லப்பட்டுவிட்டன. அதை ஆக்கிய கைகளின் கதையும், அது அரபு மண்ணில் உருண்டோடிய நாட்களின் கதையும் அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. ஒரு பொருளின் சிறப்பு அதைச் செய்தவனுக்கு உரியதா, வாங்கியவனுக்கு உரியதா, அது எதற்குப் பயன்பட்டதோ அதைக் கொண்டு அளக்கத்தக்கதா? இக்கேள்வியை மனத்திற் கொண்டு இவ்வரலாற்றைப் பார்ப்போம்.

ஹென்றி ராய்ஸ் கி.பி. 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகிலுள்ள ஆல்வால்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை நடத்தி நொடித்துப்போனவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்த சிறுவன் ராய்ஸ், செய்தித்தாள் விற்றும் தந்திகளை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தும் பிழைத்தான். பள்ளியில் பயின்றது ஏறத்தாழ ஓராண்டே. அத்தை ஒருவர் ஆண்டுக்கு 20 பவுன் கட்டி அவனை ரயில்வே பட்டறை ஒன்றில் தொழில் பழகச் சேர்த்தார். அப்பணமும் நின்றுபோகவே, பயிற்சி முற்றுப்பெறாமல் வெளியேற நேர்ந்தது. 1884இல் மான்செஸ்டர் நகரில் நண்பர் கிளேர்மாண்டுடன் சேர்ந்து சிறியதொரு மின்கருவிப் பட்டறையைத் தொடங்கியபோது அவர் கையிலிருந்த சேமிப்பு 20 பவுன் மட்டுமே.

பிற்காலத்தில் அவர் பழைய பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். அதன் ஓசையும் நடுக்கமும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, குறை கண்ட இடமெல்லாம் திருத்தித் தாமே ஒரு கார் செய்தார். 10 குதிரைத் திறன் கொண்ட அந்த முதற்கார் 1904 ஏப்ரல் முதல் நாள் தெருவில் ஓடிற்று. அதே ஆண்டு மே 4ஆம் நாள் மான்செஸ்டரின் மிட்லண்டு ஓட்டலில் அவரைச் சந்தித்தவர் சார்லஸ் ரோல்ஸ். இவர் பிரபுவின் மகன், கேம்பிரிட்ஜில் பயின்றவர், லண்டனில் கார் வணிகம் செய்தவர். ஆலைக்காரன் மகன் செய்வது, பிரபுவின் மகன் விற்பது என்று உடன்பாடாயிற்று. 1906இல் கம்பெனி பதிவு பெற்றது. பெயரில் விற்பவர் முன்னும் செய்பவர் பின்னும் நின்றதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். ரோல்ஸ் நெடுநாள் வாழவில்லை. 1910 ஜூலையில் போர்ன்மவுத் நகரில் தாம் ஓட்டிய விமானம் விழுந்து, 32ஆம் வயதில் உயிர் துறந்தார்.

இக்கம்பெனிக்கு உலகப் புகழ் தந்தது 1906இல் வெளிவந்த ‘40/50’ என்னும் கார். அக்காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் சுழல்தண்டு அதிர்ந்து முறிவது பெருங்குறையாக இருந்தது. ராய்ஸ் அத்தண்டைத் தடிமனாக்கி, ஏழு இடங்களில் தாங்கு கொடுத்து அக்குறையைப் போக்கினார். 1907இல் இவ்வகைக் கார் ஒன்றுக்கு வெள்ளி வண்ணம் பூசி, ‘சில்வர் கோஸ்ட்’, அதாவது வெள்ளி ஆவி, என்று பெயரிட்டனர். ஓசையின்றி நழுவிச் சென்றதால் ஆவி என்றனர் போலும். அரச மோட்டார்க் கழகத்தின் மேற்பார்வையில் அக்கார் 15,000 மைல் ஓட்டிக் காட்டப்பட்டது. 629 மைல் சென்றபின் பெட்ரோல் குழாயின் திருகு அதிர்ச்சியில் தானே மூடிக்கொண்டதால் ஒருமுறை நின்றது. அதன்பின் 14,371 மைல் வரை பழுதால் ஓரிடத்தும் நிற்கவில்லை. ஓட்டம் முடிந்தபின் தேய்ந்தவற்றை மாற்றிப் புதிது போலாக்க ஆன செலவு 2 பவுன் 2 ஷில்லிங் 7 பென்ஸ். ராய்ஸின் புகழ் இந்தக் கணக்கின்மேல் எழுந்ததேயன்றித் தோல் இருக்கையின்மேலும் வெள்ளிப் பூணின்மேலும் எழுந்ததன்று.

அந்நாளில் கம்பெனி முழுக் காரை விற்கவில்லை. எஞ்சினும் சக்கரங்களும் பொருந்திய அடிச்சட்டத்தை மட்டுமே விற்றது. அதன்மேல் அமரும் கூட்டினைப் பார்க்கர், ஹூப்பர் போன்ற கோச்சு வண்டிக் கட்டுநர்கள் வாங்குவோர் விருப்பப்படி அமைத்துத் தந்தனர். ஆகவே அடிச்சட்டம் ஒன்றாயினும் அது எடுத்த கோலங்கள் பலவாயின. நம் நாட்டில் ஐதராபாத் ஆறாம் நிஜாம் மஹபூப் அலீ கானுக்கென ஒரு சில்வர் கோஸ்ட் வரவழைக்கப்பட்டது. மஞ்சள் வண்ணமும், அரியணை போல் உயர்ந்த இருக்கையும் கொண்டது அது. 1911இல் நிஜாம் மறைந்தார். கார் அவருக்குப்பின்னரே வந்து சேர்ந்தது. அவர் மைந்தர் உஸ்மான் அலீ கானின் காலத்தில் அரிய விழாக்களுக்கு மட்டுமே அது வெளிவந்தது. இன்று சௌமஹல்லா அரண்மனையில் காட்சிப்பொருளாக நிற்கிறது. பல்லாயிரம் மைல் ஓடவல்லதெனச் சோதித்து நிறுவப்பட்ட எந்திரம், அரண்மனையில் ஓடாமலேயே முதுமையடைந்தது.

அதே அடிச்சட்டம் மற்றொரு கோலமும் பூண்டது. முதல் உலகப் போர் மூண்டதும், 1914இன் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படையினர் அதன்மேல் இரும்புக் கவசமும் சுழலும் எந்திரத் துப்பாக்கிக் கூண்டும் ஏற்றினர். அக்கவசக் கார்கள் மேற்குப் போர்முனையின் அகழிகளிடையே அதிகம் பயன்படவில்லை. பாலைவனமே அவற்றின் களமாயிற்று. 1911 முதல் லிபியாவில் இத்தாலியரை எதிர்த்து நின்றவர்கள் ஸனூஸி தரீக்காவினர். உதுமானியரின் தூண்டுதலால் 1915 நவம்பரில் அவர்கள் எகிப்து எல்லையில் ஆங்கிலேயரையும் எதிர்த்தனர். ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட ‘தாரா’ என்னும் கப்பலின் மாலுமிகள் அவர்கள் கையில் கைதிகளாயினர். 1916 மார்ச் 17ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் கவசக் கார்கள் நெடும்பாலை கடந்து, பிஃர் ஹகீம் என்னும் கிணற்றடியில் அக்கைதிகளை மீட்டன. பஞ்சம் பரவியிருந்த அவ்விடத்தில் பட்டினியால் வாடிய மாலுமிகள் பிழைத்தது மகிழத்தக்கதே. அவர்களைக் காவல் காத்தவர்கள் துப்பாக்கிக்கு இரையாயினர் என்பதையும் சேர்த்தே எழுதுவதுதான் வரலாறு.

பின்னர் ஹிஜாஸ். 1916 ஜூனில் ஷரீஃப் ஹுஸைன் உதுமானியருக்கு எதிராகக் கிளர்ந்தார். அவர் படைக்குத் துணையாக வந்த ஆங்கில அதிகாரி லாரன்சின் கையில் ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் இருந்தன. அவை துப்பாக்கிகளோடு வெடிமருந்தையும் சுமந்து சென்றன. குறி வைக்கப்பட்டது ஹிஜாஸ் ரயில் பாதை. திமிஷ்கிலிருந்து மதீனா மாநகர் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீண்டு, 1908இல் நிறைவெய்திய பாதை அது. அதற்கென உலக முஸ்லிம்கள் நன்கொடை வழங்கினர். இந்திய முஸ்லிம்களின் காசும் அதில் உண்டு. போர்க்காலத்தில் அப்பாதை உதுமானியப் படைகளையும் தளவாடங்களையும் சுமந்தது மெய்தான். ஆயினும் ஹாஜிகளுக்கென மக்கள் ஈந்த பணத்தில் எழுந்த பாலங்கள் இக்கார்கள் கொணர்ந்த மருந்தால் தகர்ந்தன என்பதை நாம் எளிதில் கடந்துபோக இயலாது.

காரைக் குறிக்க இக்கால அரபியர் வழங்கும் சொல் ‘ஸய்யாரா’. அது புதுச்சொல் அன்று. யூஸுஃப் நபியைக் கிணற்றிலிருந்து மீட்ட பயணக் கூட்டத்தைச் சுட்டத் திருமறையில் வந்த பழஞ்சொல். ஒட்டகச் சாத்துக்குரிய சொல் எந்திரத்துக்கு ஏறியது போலவே, சாத்துகள் நடந்த வழிகளிலும் எந்திரம் ஏறிற்று. 1918 செப்டம்பரில் ஒரு காரின் வில்லைத் தாங்கும் இரும்பு முறிந்தபோது, அதன் ஓட்டுநர் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்துத் தந்திக் கம்பியால் கட்டினார். பட்டறை காணாத பாலையில் நடந்த இப்பழுதுபார்ப்போடு அக்கார் திமிஷ்கு வரை சென்றது. உழைப்பாளியின் ஆக்கம் என்ற வகையில் இது வியக்கத்தக்கது. ஆனால் அரபியர்க்கு வாக்களிக்கப்பட்ட விடுதலை வரவில்லை. ஷாமும் இராக்கும் பிரெஞ்சு, ஆங்கில ஆட்சிகளின் கீழ்ப் பங்கிடப்பட்டன. 1922 முதல் இராக்கை அடக்கி ஆளும் பொறுப்பு பிரிட்டிஷ் விமானப்படையிடம் வந்தபோது, தரையில் அதற்குத் துணைநின்றவையும் ரோல்ஸ் ராய்ஸ் கவசக் கார்களே. 1941இல் ஹப்பானிய்யாப் போரிலும் அவ்வகைப் பழங்கார்கள் களமிறங்கின.

இனிப் பெயரின் கதை. 1919இல் டபிள்யூ. ஓ. பென்ட்லி தொடங்கிய கார்க் கம்பெனி, லெ மான் என்னும் பிரெஞ்சு நகரத்து 24 மணிநேரப் பந்தயத்தில் 1924இலும், பின் 1927 முதல் 1930 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்தும் வென்றது. வெற்றி பசியாற்றவில்லை. 1931இல் கடனில் மூழ்கிய அக்கம்பெனியை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிற்று. பென்ட்லி தம் பெயர் பொறித்த காரை வேறொருவர் கூலியாளாய்ப் பார்த்து நின்றார். 1935இல் விலகிச் சென்றார். ஹென்றி ராய்ஸ் 1933இல் காலமானார். அரசு சர் பட்டம் வழங்கிய பின்னும் தம்மை ‘மெக்கானிக்’ என்றே சொல்லிக்கொண்டவர் அவர்.

பிறர் பெயரை வாங்கிய கம்பெனிக்கும் அந்நாள் வந்தது. விமானத்துக்கென அது உருவாக்கிய ‘ஆர்பி 211’ எஞ்சினின் செலவு தாங்காமல் 1971 பிப்ரவரியில் நொடித்தது. அரசு எஞ்சின் தொழிலை எடுத்துக்கொண்டது; கார்த் தொழில் 1973இல் தனியாயிற்று; 1980இல் விக்கர்ஸ் கம்பெனி அதை அடைந்தது. 1998இல் நடந்ததுதான் விந்தை. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் 43 கோடி பவுன் கொடுத்துக் கிரூ நகரத் தொழிற்சாலையையும் பென்ட்லி பெயரையும் வாங்கிற்று. ஆனால் ‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்னும் பெயர் விமான எஞ்சின் கம்பெனியின் உடைமையாக இருந்தது. அதைக் காருக்கு வழங்கும் உரிமையை மற்றொரு ஜெர்மன் கம்பெனியாகிய பிஎம்டபிள்யூ 4 கோடி பவுனுக்குப் பெற்றது. 1946 முதல் அக்கார்களைச் செய்துவந்த கைகள் ஓரிடத்திலும், பெயர் மற்றோரிடத்திலும் நின்றன. 2003 முதல் குட்வுட் என்னும் இடத்துப் புதிய ஆலையில் புதிய தொழிலாளர்கள் அப்பெயருக்கு மீண்டும் உருக்கொடுத்து வருகின்றனர். 2023இல் அங்கிருந்து ‘ஸ்பெக்டர்’ என்னும் மின்சாரக் கார் வெளிவந்தது. மின்சாரக் கார் ஓசையற்றது, தூயது, மின்னேற்றும் நிலையங்கள் அமைந்தால் பயன்படும் என்று சார்லஸ் ரோல்ஸ் 1900லேயே கருத்துத் தெரிவித்திருந்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பெயரை விற்றார்கள், வாங்கினார்கள், நீதியாக அது கைமாறியதை நாம் குறைகூறவில்லை. நாம் போற்றுவது, படிப்பு மறுக்கப்பட்ட ஒரு சிறுவன் தன் கைவேலையில் பிழை பொறாமல் நின்ற உறுதியை. அவன் செய்த சக்கரங்கள் எந்த வழியில் ஓட்டப்பட்டன என்னும் கணக்கை ஓட்டியவர்களிடமே கேட்க வேண்டும். தெருவில் அத்தகைய காரொன்று கடந்து போனால் நம் பிள்ளைகள் அதன் விலையைக் கேட்பர். அவர்களுக்கு ஆல்வால்டன் சிறுவனையும், ஹிஜாஸின் தகர்ந்த பாலங்களையும் சேர்த்தே சொல்வோமாக.