கஞ்சில் காடியும் ஆயுத பூசையும்: கோயம்புத்தூர் கரியின் கதை

வேலும் மயிலும் துணை.

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. ஆயுத பூசைக்கு முன்னாடி இதைச் சொல்லியே ஆகணும்.

போன வருஷம் ஆயுத பூசை அன்று வாகனங்களை வரிசையில் விடும் வேலை என்னுடையது. லோரி, வேன், பழைய லேண்ட் ரோவர், மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்தன. ஐயர் எலுமிச்சம்பழமும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார். நடுவில் ஒரு பழைய கஞ்சில் வந்தது. உள்ளே பின்சீட் கிடையாது. சைலன்சர் சத்தம் மணிச் சத்தத்தையும் மேளத்தையும் அமுக்கிவிட்டது. பெரியவங்க முகம் சுளித்தார்கள். நான் போய், "தம்பி, இது கோயில், ரேஸ் ரோடு இல்ல, வெளிய எடு" என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தம்பி சண்டை போடவில்லை. "அண்ணே, திருவிழாவுல ஜெனரேட்டர் நின்னா ராத்திரி ஒரு மணிக்கு என்னைக் கூப்பிடுவீங்க. என் காடிக்கு மட்டும் ஒரு பொட்டு கிடையாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். அதுக்கப்புறம் கோயில் பக்கம் வரவே இல்லை.

இந்த வருஷம், மாற்றிக் கட்டின காடிகளை உள்ளே விடவே கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். அவங்க பயம் எனக்குப் புரியுது. தாப்பா ரோட்டில் ராத்திரி நேரத்தில் பசங்க ஓட்டுகிற வேகத்தை நானும் பார்த்திருக்கேன். ஆனால் முடிவு எடுக்கும் முன் ஒரு பழைய கதையை எல்லாரும் தெரிந்துகொள்ளணும் என்று நினைக்கிறேன். நம்ம தமிழ் மண்ணில் நடந்த கதை.

முதலில் சோழவரம். சென்னைக்கு வடக்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்த பிறகு அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயம் ஆரம்பித்தது. 1953இல் தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை வருஷா வருஷம் நடத்தியது. ஓடினவை பெரும்பாலும் வீட்டுக் கார்கள்தான்: அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. வாரம் முழுக்க ஆபீசுக்குப் போகிற கார், பந்தயத்தன்று சீட்டைக் கழற்றிவிட்டு ஓடும். வசதி உள்ள சிலர் வெளிநாட்டிலிருந்து பழைய பந்தயக் கார்களையே கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்து இந்தியாவில் இறக்குமதி வரி மிகக் கடுமை. சாதாரண வீட்டுப் பிள்ளை உண்மையான பந்தயக் காரில் உட்காருவது நடக்கிற காரியமே இல்லை.

அந்தக் கதவைத் திறந்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். எல்லாரும் கூப்பிடுவது கரி. மில் குடும்பத்துப் பிள்ளை, பணத்துக்குக் குறைவில்லை. அவர் நினைத்திருந்தால் வெளிநாட்டுக் கார் வாங்கி, தான் மட்டும் ஓட்டிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அவர் போன வழி வேறு.

1983 டிசம்பரில் இந்தியாவில் மாருதி 800 வந்தது. சுசூகியின் வடிவம். பின்கதவோடு சேர்ந்த சின்னக் கார், மூன்று சிலிண்டர், 796 சிசி. நம்ம ஊர் ஆளுக்குச் சொல்லணும் என்றால், அங்கே மாருதி 800 எப்படியோ, இங்கே 1994இல் வந்த கஞ்சில் அப்படி. கஞ்சிலும் மூன்று சிலிண்டர்தான், அது டைஹட்சு மீராவின் வடிவம், முதலில் வந்தது 660 சிசி. கஞ்சில் என்றால் மலாயில் சருகுமான். பேருக்கு ஏற்ற மாதிரி சின்னது, துள்ளுவது. வாழ்க்கையில் முதல் கார் வாங்கின குடும்பங்கள் அங்கே மாருதியில் ஏறினார்கள், இங்கே கஞ்சிலில் ஏறினார்கள்.

கரி அந்த ஏழை வீட்டுக் காரின் எஞ்சினைப் பார்த்தார். ஊரெல்லாம் கிடைக்கிறது, சாமான் மலிவு, எந்தப் பட்டறையிலும் கழற்றி மாட்டத் தெரியும். பம்பு, மோட்டார், மில் எந்திரம் எல்லாம் செய்கிற கோயம்புத்தூரில் லேத்துக்கும் வெல்டிங்குக்கும் கை தேர்ந்த ஆளுக்கும் பஞ்சம் இல்லை. 1980-களின் கடைசியில், இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து கூடு கட்டி, அதில் மாருதி 800 எஞ்சினை வைத்து, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் கார் செய்தார். பேர் ஃபார்முலா மாருதி. ஒரே மாதிரி நிறைய கார்கள். எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் பணம் பேசாது, ஓட்டுகிறவன் கைதான் பேசும்.

இதற்கு ஓட இடமும் வந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தப் பந்தயத் தளம் திறந்தது. சோழவரத்து ஓடுதளம் மாதிரி இரவல் இடம் இல்லை, பந்தயத்துக்கென்றே கட்டினது.

அங்கே ஃபார்முலா மாருதியில் பதின்ம வயதில் முதல் பந்தயம் ஓடி, அதிலேயே மேடை ஏறின கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டின முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் மார்ச் மாதம் நம்ம செப்பாங்கிலும் ஓட்டி 11ஆவதாக வந்தார். அவருக்குப் பின் ஃபார்முலா ஒன்னுக்குப் போன சென்னைக்காரர் கருண் சந்தோக், 2000இல் ஃபார்முலா மாருதி பட்டம் வென்றவர். 2010இல் அவரும் செப்பாங்கில் ஓட்டினார். காய்கறி வாங்கப் போகிற காரின் எஞ்சினில் படித்த இரண்டு பேர், நாம தாப்பா இறங்கி ஹைவே பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேருகிற இடத்தில், உலகத்தின் பெரிய பந்தயத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

கரி இதைப் பார்க்கவில்லை. 1995இல் சின்ன விமானம் ஒன்று விழுந்ததில் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே போய்விட்டார். கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. கரி மோட்டார் ஸ்பீட்வே.

நம்ம நாட்டிலும் இதே மாதிரி பாதை உண்டு. ஷா ஆலாமில் பத்து தீகா பந்தயத் தளம் 1968இல் திறந்தது, 2003 வரை இருந்தது. 1999இல் செப்பாங் வந்தது. 2002இல் நம்ம கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காரில், பக்கத்து சீட்டில் ஆலன் ஓ வழி சொல்ல, உலக ரேலியில் தயாரிப்புக் கார் பிரிவின் பட்டத்தை வென்றார். "ரேலி ரோட்டில்தானே ஓடுது?" என்று பசங்க கேட்பார்கள். ஆமாம். நம்ம நாட்டு ரேலி தோட்டத்து மண் ரோடுகளில் ஓடியிருக்கிறது. ஆனால் ரோட்டை அடைத்து, காவல் நிறுத்தி, ஆம்புலன்ஸ் வைத்த பிறகுதான் முதல் கார் கிளம்பும். எதிரே பள்ளிக்கூட வேன் வராது, காய்கறி லோரி வராது.

இப்போது அந்தத் தம்பி கதைக்கு வர்றேன். மனசு கேட்காமல் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போனேன். கொட்டகையில் கஞ்சில் நின்றது. ஒவ்வொன்றாகக் காட்டினான். பழைய காடி என்பதால் முதலில் சிலிண்டர் கம்ப்ரஷன் பார்த்தது, டைமிங் பெல்ட், ரேடியேட்டர் ஓஸ் மாற்றினது. தலையைக் கழற்றி வால்வு தேய்த்தது. சீட்டும் கம்பளமும் எடுத்துப் பாரம் குறைத்தது. எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். சம்பளம் முழுக்க இதில்தான் போயிருக்கு.

அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதுசு. நாம இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே. இங்கே காற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் மெல்லிசு. கார்புரேட்டர் காடியை இங்கே சரியாக டியூன் செய்து, அப்படியே செப்பாங்குக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று அடர்த்தி, பெட்ரோல் பத்தாது. எஞ்சின் கொதித்து, தட்டி, பிஸ்டனே ஓட்டையாகிவிடும். அதனால் கீழே ஓட்ட ஜெட் மாற்றணுமாம். மலை மேல் இருக்கிற பையன் இதைப் பிரித்துப் புரிந்து வைத்திருக்கான் என்றால் அது விளையாட்டுப் புத்தி இல்லை. ஐயா, அது வித்தை. சரஸ்வதி பூசையும் ஆயுத பூசையும் ஒன்றாக வருவது சும்மா இல்லை.

"சரி தம்பி, பிரேக்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அடுத்த மாசம் பார்க்கணும் அண்ணே."

இங்கேதான் நான் அவனிடம் கறாராகப் பேசினேன். நம்ம தேர் விஷயம் எல்லாருக்கும் தெரியும். வடம் பிடிக்க நூறு பேர் ஓடி வருவார்கள். ஆனால் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிற அந்த நாலு பேர். அவங்க இல்லாமல் வடத்தைத் தொடவே கூடாது. திருவாரூர் ஆழித் தேர் எவ்வளவு பெரியது! அதுக்கு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து பொருத்தியிருக்கிறது. சாமி உட்காரும் தேருக்கே பிரேக் வேணும். பின்சீட் இல்லாத கஞ்சிலுக்கு வேண்டாமா?

தெரிந்தவர்கள் காடியைப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் வரிசை இதுதான். முதலில் பிரேக், டயர், சஸ்பென்ஷன். அடுத்து ஓட்டுகிறவன் உயிரைக் காக்கும் சாமான்: இரும்புக் கூண்டு, பந்தய சீட், தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், தீயணைப்பான், கரண்டை வெட்டும் சுவிட்சு. எஞ்சின் சக்தி கடைசியில். பிரேக் எண்ணெய் வருஷக்கணக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே இறங்கினால் எண்ணெய் கொதித்து ஆவி சேரும். அப்புறம் பெடல் தரை வரைக்கும் போகும், காடி நிற்காது. பழைய எண்ணெயும் புது சக்தியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

நரேன் கதையிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2005 ஜூனில் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் பந்தயம். சாய்வான வளைவில் டயர் தாங்காது என்று தெரிந்ததும் 14 கார்கள் பந்தயம் தொடங்கும் முன்பே உள்ளே திரும்பிவிட்டன. வேறு டயர் போட்டிருந்த ஆறு கார்கள் மட்டும் ஓடின, நரேன் நாலாவதாக வந்தார். உலகத்திலேயே பெரிய ஓட்டுநர்கள், அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால், "இன்றைக்கு வேண்டாம்" என்று திரும்பினார்கள். அது கோழைத்தனம் இல்லை.

பசங்களுக்குச் சொல்கிறேன். செப்பாங்கில் சொந்தக் காடியைக் கொண்டுபோய் ஓட்டும் நாட்கள் உண்டு. பழைய சத்ரியா, சாகா மாதிரி காடிகள் ஓடும் 1000 கிலோமீட்டர் பந்தயமும் அங்கே நடந்திருக்கிறது. தளம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், ஆக 181 சுற்று. அவ்வளவு தூரம் ஒரு பழைய காடியை உடையாமல் ஓட்டி முடிப்பது, தாப்பா ரோட்டில் ஒருத்தனை முந்துவதைவிட நூறு மடங்கு பெரிய காரியம். பொது ரோட்டில் ஓட்டுகிற காடிக்கு எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே அனுமதி எடுங்க. நாலு பேர் சேர்ந்து ஒரே காடியைத் தயார் செய்யுங்க, செலவும் குறையும்.

பெரியவங்களுக்கும் ஒன்று சொல்லணும். 1929இல் ரஸ்ஸல் துரை போ தோட்டம் ஆரம்பித்த காலத்திலிருந்து இந்த மலையில் எந்திரத்தை உயிரோடு வைத்திருந்தவர்களில் நம்ம ஆட்களும் உண்டு. வயசான லேண்ட் ரோவர்கள் இன்றைக்கும் தோட்டத்துச் சேற்றில் ஏறுகிறது என்றால் அது நம்ம பட்டறைக் கைகளால். அந்தக் கை இந்தப் பசங்களுக்கு வந்திருக்கு. நாம வாசலை மூடினால் பசங்க காடியை நிறுத்தப் போவதில்லை. வேறு இடத்துக்குப் போவார்கள், அவ்வளவுதான். அங்கே பிரேக்கைப் பற்றிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

என் யோசனை இது. மாற்றிக் கட்டின காடிகள் வரட்டும். எஞ்சினை ரோட்டிலேயே அணைத்துவிட்டு, பசங்களே தள்ளிக்கொண்டு உள்ளே வரட்டும். பூசைக்கு முன் நம்ம பட்டறை அண்ணன்கள் இரண்டு பேர் பிரேக்கும் டயரும் பார்க்கட்டும். சரியாக இருக்கும் காடிக்கு ஐயர் பொட்டு வைப்பார். சரியில்லாத காடி ஓரமாக நிற்கட்டும், அதைச் சரி செய்ய நாம கை கொடுப்போம்.

அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். போன வாரம் போன் செய்தான். பிரேக் எண்ணெய், பேட், ஓஸ் எல்லாம் புதுசு போட்டாச்சாம். "அண்ணே, இந்த வருஷம் தள்ளிக்கிட்டே வர்றேன், நீங்க பின்னாடி கை வைக்கணும்" என்றான்.

வைக்கிறேன் என்று சொல்லியிருக்கேன். வரக்கூடியவங்க நீங்களும் வாங்க. பூசை முடிந்து அன்னதானம் உண்டு.

எல்லாருக்கும் முருகன் துணை.