கொடைக்கானல் சூரிய வரைபடங்களின் வண்ணக் குறியீடு

தாண்டிக்குடி அமைந்துள்ள பழனி மலைத்தொடரிலேயே, 1899 இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் உள்ளது. அங்கு 1904 முதல் சூரிய வரைபடங்கள் கையால் வரையப்பட்டு வந்தன. அட்சரேகை, தீர்க்கரேகைக் கட்டங்கள் கொண்ட தாளில் சூரியப்புள்ளிகள், இழைகள், விளிம்பில் எழும் பிழம்புகள் ஆகியவை வெவ்வேறு வண்ணங்களில் குறிக்கப்பட்டன. வண்ணம் அழகுக்காக அன்று. வரைந்தது எது என்பதை அதுவே உணர்த்தியது.

பின்னாளில் வந்த பேனா வரைவி இயந்திரங்களிலும் பேனாத் தேர்வு ஒரு கட்டளையாயிற்று. எச்பி-ஜிஎல் கட்டளைமொழியில் ‘எஸ்பி2’ என்றால் இரண்டாம் பேனாவை எடுக்க வேண்டும். ‘பிடி’ என்றால் பேனாவைத் தாளில் இறக்க வேண்டும். கொடைக்கானலில் இவ்வேலையை மனிதக் கையே செய்தது.

இன்று எண்மியமாக்கப்பட்ட அவ்வரைபடங்களிலிருந்து, நிற வேறுபாட்டைக் கொண்டே கணினி சூரிய இழைகளைப் பிரித்தெடுக்கிறது. தாள் பழுப்பேறி மை மங்கினால் நிறங்களைப் பிரித்தறிவது கடினம். எனவே மையின் தேர்வும் தரவுப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.