2.98 டாலர் நீர்மூழ்கி

கண்ணில் படாமல் இருப்பதற்கென்றே கட்டப்படுவது நீர்மூழ்கிக் கப்பல். அதிலும் அணு ஆயுதம் சுமப்பது என்றால், அது எந்தக் கடலில் இருக்கிறது என்பது உள்ளே பயணம் செய்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட ஒரு கப்பலை உள்ளறைகளோடு சேர்த்து அமெரிக்கச் சிறுவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது, 1961-இல் கடைகளில் இருந்த, பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் ஒரு பிளாஸ்டிக் மாதிரி கிட். விலை 2.98 டாலர்.

அதன் அசல், 'யுஎஸ்எஸ் ஜார்ஜ் வாஷிங்டன்'. கனெக்டிகட் மாநிலத்தின் குரோட்டன் நகரில், எலெக்ட்ரிக் போட் கப்பல் தளத்தில் 'ஸ்கார்ப்பியன்' என்ற தாக்குதல் நீர்மூழ்கியாகத்தான் அதைத் தொடங்கினார்கள். சோவியத் யூனியனை முந்தியாக வேண்டும் என்ற நெருக்கடியில் திட்டம் மாறியது. உடலின் நடுவே சுமார் 130 அடி நீளத்துக்கு ஒரு புதிய பகுதி சேர்ந்தது. அதற்குள் வரிசைக்கு எட்டாக, இரு வரிசைகளில் 16 போலாரிஸ் ஏவுகணைகள். 1959 ஜூன் 9 அன்று கப்பல் நீரில் இறங்கியது; டிசம்பர் 30 அன்று கடற்படையில் சேர்ந்தது. 1960 ஜூலை 20 அன்று கேப் கனாவரலுக்கு அப்பால், நீருக்கடியில் இருந்தபடியே போலாரிஸ் ஏவுகணையைச் செலுத்திக் காட்டியது.

கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் இயங்கிய ரெவெல் நிறுவனம் அதைச் சிறிதாக்கும் வேலையில் இறங்கியது. 1953-இல் 'மிசௌரி' போர்க்கப்பலின் கிட்டைக் கொண்டுவந்து பெயர் வாங்கிய நிறுவனம் அது. அந்நாளில் கிட் செய்பவர்கள், விற்கப்போகும் அளவைவிடப் பெரிதாக ஒரு மூல வடிவத்தை முதலில் செதுக்குவார்கள். பாண்டோகிராஃப் கருவியின் ஒரு முனை அந்த வடிவத்தைத் தடவிக்கொண்டே போக, மறுமுனையின் வெட்டுக்கருவி அதே கோடுகளைச் சிறிய அளவில் எஃகில் குடையும். அந்த எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்திச் செலுத்தி ஆறவைத்தால், பாகங்கள் ஒரே சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். இப்படித்தான் 116 மீட்டர் கப்பல் அரை மீட்டருக்குள் அடங்கியது. வெறும் வெளிக்கூடு அல்ல அது. அணு உலை அறை, ஏவுகணைக் குழாய்கள், மாலுமிகள் வாழும் அறைகள் என்று உள்வயிறும் அதில் தெரிந்தது.

அதுவே புயலைக் கிளப்பியது. அமெரிக்க அணுசக்திக் கடற்படையின் தந்தை என்று பெயர் பெற்ற அட்மிரல் ஹைமன் ரிக்கோவர், அதே 1961-இல் காங்கிரஸ் குழுவின் முன் இந்த கிட்டைக் கடுமையாகச் சாடினார். பல மில்லியன் டாலர் மதிப்புள்ள தகவலை 2.98 டாலருக்கு ரஷ்யர்களிடம் தூக்கிக் கொடுக்கிறோம் என்பது அவர் வாதம்.

அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. உலைக்கு எவ்வளவு இடம், இயந்திரங்களுக்கு எவ்வளவு, ஏவுகணைகளுக்கு எவ்வளவு என்ற விகிதம் தெரிந்தாலே தேர்ந்த கப்பல் வடிவமைப்பாளர் பலவற்றைக் கணித்துவிடுவார். ஆனால் ஒரு நீர்மூழ்கியின் உயிர் அதன் ஓசையின்மையிலும், எஃகின் வலிமையிலும், உலைக்குள் எரிபொருள் அமைந்த விதத்திலும் இருக்கிறது. இவற்றில் எதையும் பிளாஸ்டிக்கில் வார்க்க முடியாது. அந்தக் கப்பலுக்கு வரி கட்டிய மக்களுக்கோ, அதை உள்ளும் புறமுமாக அறிந்துகொள்ள இந்த கிட்டைப் போல எளிய வழி வேறில்லை.

ஒட்டிப் பார்த்தவர்களுக்கு நீர்மூழ்கி மாதிரியின் கடினம் தெரியும். விமானத்தில் இறக்கையும் சக்கரமும் குறைகளை மறைத்துவிடும். நீர்மூழ்கியின் உடலோ நீண்டு வழவழப்பானது. இரு பாதிகள் சேரும் கோடு முனையிலிருந்து முனைவரை ஓடும். அதில் புட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துப் பார்த்து, கோடு தெரிந்தால் மறுபடியும் தேய்க்க வேண்டும். முழுக் கறுப்பு அடித்தால் வளைவுகள் எல்லாம் மறைந்துவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் கருஞ்சாம்பலைக் கலந்து அடிப்பார்கள். முதுகில் ஏவுகணை மூடிகள் ஜோடி ஜோடியாக, பிசகாமல் நேராக நிற்க வேண்டும். ஒன்று விலகினாலும் கண்ணை உறுத்தும்.

இதற்கிடையே அசல் கப்பல் முதுமையடைந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஏவுகணைகளை இழந்தது. 1985-இல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றது. 1998-க்குள் வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் தளத்தில் அதை உடைத்து முடித்தார்கள். இப்படி உடைக்கப்படும் அமெரிக்க நீர்மூழ்கிகளின் உலைப் பகுதிகள் எரிபொருள் அகற்றப்பட்டு, அதே மாநிலத்தின் ஹான்ஃபர்டில் உள்ள ஒரு திறந்த அகழியில் வரிசையாக வைக்கப்படுகின்றன. இன்று அந்த அகழியைச் செயற்கைக்கோள் படத்தில் யாரும் பார்க்கலாம். கப்பலின் மேற்கோபுரம் மட்டும் பிறந்த ஊரான குரோட்டனுக்குத் திரும்பி, நீர்மூழ்கிப் படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முழு வடிவத்தையும் ஒருசேரக் காண விரும்புகிறவருக்கு அந்த கிட் கைகொடுக்கும்.

இன்றைய மாதிரிக் கலைஞர்களுக்கு 1:350 அளவில் ரஷ்ய, சீன, அமெரிக்க நீர்மூழ்கிகள் பலவும் கிடைக்கின்றன. ரகசியத்தின் தடை இப்போது வாலில் இருக்கிறது. உந்துவிசிறியின் இதழ் வளைவு கப்பலின் ஓசையைப் பெரிதும் பாதிக்கிறது என்பதால், உலர்துறையில் கப்பல் ஏறும்போது அதைத் துணியால் மூடிவிடுகிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் பேங்கர் கடற்படைத் தளத்தில் ஓஹையோ வகை நீர்மூழ்கி ஒன்றின் விசிறி மூடப்படாமல் இணைய வரைபடத்தில் வெளியானபோது பெரும் பரபரப்பு எழுந்தது.

நல்ல மாதிரிக் கலைஞர் இந்த எல்லையை மதிக்கிறார். வெள்ளோட்டப் படங்களையும் துறைமுகப் படங்களையும் ஒப்பிட்டுத் தெரிந்ததைத் துல்லியமாகச் செய்கிறார். விசிறியை ஊகித்தால் ஊகம் என்றே சொல்கிறார். ஒரு நாட்டின் மிக விலை உயர்ந்த, மிக அச்சமூட்டும் ஆயுதத்தைச் சாதாரணக் குடிமக்கள் இப்படி உட்கார்ந்து ஆராய்வது நல்லது. தன் பெயரால் கடலுக்கடியில் என்ன உலவுகிறது என்று அறிந்த மக்கள்தான், அது தேவையா என்று கேட்கவும் தகுதி பெறுகிறார்கள்.