ஒரே பொருளால் பலருக்கு நஷ்டமா? ஒருத்தரே எல்லாருக்கும் புகார் கொடுக்கலாம்

பொன்னமராவதி:
ஒரே கம்பெனி குக்கர் பல வீடுகளில் பழுதானால் ஆளுக்கொரு வழக்கு தேவையில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 35-வது பிரிவின்படி, ஆணையத்தின் அனுமதி பெற்று ஒருவரே எல்லோருக்காகவும் புகார் கொடுக்கலாம். ஆனால் குறையும், கேட்கிற நிவாரணமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கணும்.

குக்கர் வெடித்து காயம்பட்டவர், காயத்துக்கு தகுந்தபடி தனியாக நஷ்டஈடு கேட்பதே நல்லது.

கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நம்ம பகுதி மக்கள் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ரூ.5 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கணும்னு கட்டாயமும் இல்லை. 2 வருஷத்துக்குள் புகார் கொடுத்துடணும்.

பில்லையும் டாக்டர் சீட்டையும் பத்திரமா வைங்க. வெடித்த குக்கரை பழைய சாமான்காரரிடம் போட்டுடாதீங்க, அதுதான் முக்கிய சாட்சி.